மூலை வெட்டிய படங்கள்

"பகுதிநேர மாணவ உதவியாளர் எவரும், தாம் பணியாற்றும் ஆய்வுத் திட்டம் குறித்து, வெளி நிறுவனம் எதனுடனும் நேரடியாகக் கடிதத் தொடர்பு கொள்ளலாகாது. அத்தகைய கடிதங்கள் யாவும் திட்டத் தலைவர் வழியாக, பதிவாளரின் முன் அனுமதியுடன் மட்டுமே அனுப்பப்படுதல் வேண்டும்."

விதி பதினேழு, உட்பிரிவு இ. புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் மறப்பதில்லை.

எஸ்தர் என்ற மாணவி விஷயத்தில் பொருந்தியிருக்க வேண்டிய விதி இது. பொருந்தவில்லை. நான் மீறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் சர்வீஸில் ஒரு விதியையும் மீறியதில்லை. அது பொருந்தாத நேரம் பார்த்து வேலையை முடித்தேன், அவ்வளவுதான்.

போன வாரம் இந்தத் தொடரில், மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு மாற்றலாகி வந்ததை எழுதியிருந்தேன். அது தண்டனை மாற்றலா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆணையில் "நிர்வாக நலன் கருதி" என்று இருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் கேட்க வேண்டாம்.

கதவுக்குப் பின்னால் பாட்டு

திருச்சுழி ரோட்டில், ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்கும் இடத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் இருந்தது. ஒரே நீளக் கட்டடம். முதல் அறை கண்காணிப்பாளராகிய எனக்கு. நடுவில் இரண்டு வகுப்பறைகள். கடைசியில் கம்ப்யூட்டர் அறை. தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆவணி மாதத்து மதியம். மின்விசிறி அனல் காற்றைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. கடைசி அறையிலிருந்து ஒரு பெண் பாடும் சத்தம் கேட்டது.

போய்க் கதவைத் திறந்தேன். ஏசி காற்று முகத்தில் விழுந்தது. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. உள்ளே எஸ்தர் முக்காலியில் உட்கார்ந்து, விளக்குப் பெட்டியின் மேல் விரித்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் கருப்பசாமி அதைக் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

பாட்டில் வார்த்தையே இல்லை. ஏ, ஏ, டி, சி, ஜி, ஜி, டி. நான்கே எழுத்து.

"இதென்ன, ஜெபக்கூட்டமா?" என்றேன்.

"இல்ல மேடம், வேலைதான் ஓடுது" என்றாள் எஸ்தர்.

"வேலைக்கு ராகம் எதுக்கு?"

கருப்பசாமி திரும்பாமலே சொன்னான்: "பாடுனாத்தான் மேடம் எனக்கு முழிப்பா இருக்கு. சும்மா வாசிச்சா கண்ணு சொருகுது. ஏசி வேற."

"நீ முழிச்சிருக்க பல்கலைக்கழகம் பாட்டுக்காரி வைக்கணுமா?"

எஸ்தர் சிரித்துவிட்டாள். பிறகு எனக்குப் பாடம் எடுத்தாள். ஏ கீழ்ச் சுரம். அதற்கு மேல் சி. அதற்கும் மேல் ஜி. டி உச்சி. கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் பழகிய நான்கு படிகளை நான்கு எழுத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு படத்தோட கடைசியும் அடுத்த படத்தோட ஆரம்பமும் ஒரே எழுத்தா வரணும் மேடம். அப்பத்தான் ரெண்டையும் ஒட்ட முடியும். கண்ணு ஏமாந்துரும். பாடிட்டா, ஒட்டலைன்னா காது சொல்லிரும்."

நல்ல யோசனைதான். ஆனால் அடுத்த அறையில் தபால் வழிக் கல்வி மாணவர்களுக்கு வணிகவியல் வகுப்பு. அவர்கள் பாதிப் பேர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குத் திரும்பி ஒரு குறிப்பாணை தயாரித்தேன். "கணினி அறையில் பாடுதல் தவிர்க்கப்பட வேண்டும்." கையெழுத்து, முத்திரை, தேதி. கம்ப்யூட்டர் அறைக் கதவில் ஒட்டச் செய்தேன்.

பாட்டு நின்றது. அலுவலகத்தில் அமைதி திரும்பியது என்று அன்று மனம் நிறைந்தது உண்மை.

குதிரைவாலிக்கு ஏசி

கரிசல் காட்டுக்குக் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் குதிரைவாலியின் மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தார். மழை பொய்த்த வருடத்திலும் அது எப்படித் தலை நிமிர்ந்து நிற்கிறது என்பது அவர் கேள்வி. நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை மேல் தேடுவார். அவருக்கு நிதி கிடைத்தது. ஆனால் அது ஊரகப் பகுதிக்கான தலைப்பில் கிடைத்தது. ஆகவே கம்ப்யூட்டரை ஊரகப் பகுதியில்தான் வைத்தாக வேண்டும். ஆய்வுக்கூடமோ மதுரையில்.

முடிவு இதுதான். மதுரையில் படம் எடுப்பார்கள். படம் அட்டை உறைக்குள் பஸ் ஏறி அருப்புக்கோட்டை வரும். இங்கே ஒருவர் வாசிக்க, ஒருவர் டைப் அடிப்பார். எழுத்துகள் பிளாப்பியில் ஏறி மறுபடி பஸ்ஸில் மதுரை போகும். நிர்வாக முறைப்படி இதில் ஒரு குறையும் இல்லை.

"எங்க வீட்ல கோழிக்குப் போடுற தானியம் மேடம்" என்பான் கருப்பசாமி. "இங்க அதுக்கு ஏசி போட்டு வச்சிருக்காக. எங்கய்யாகிட்ட சொன்னா, கோழியக் கூட்டிட்டு வந்து உள்ள விடுங்கறாரு."

அவன் திருச்சுழிப் பக்கம், நிலம் நீச்சு உள்ள சம்சாரி வீட்டுப் பையன். எஸ்தர் பரளச்சிக்குப் பக்கத்து ஊர். அப்பா சபை உபதேசியார். இருவரும் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பகுதிநேர மாணவ உதவியாளர்கள். பன்னிரண்டு என்பது விதி. பன்னிரண்டரை ஆனால் நான் போய் விளக்கை அணைப்பேன்.

அந்தப் படத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கை எலும்பெல்லாம் இருக்காது. மரபணுவின் நான்கு எழுத்துக்கும் நான்கு பத்திகள். அவற்றில் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள். முதல் பத்தியில் கோடு விழுந்தால் ஏ, இரண்டாவதில் சி, மூன்றாவதில் ஜி, நான்காவதில் டி. கீழிருந்து மேலே ஒவ்வொரு கோடாக வாசிக்க வேண்டும்.

படத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பளபளக்கும். எது முன், எது பின் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மதுரையில் படம் காய்ந்ததும் வலது மேல் மூலையைக் கத்தரியால் சின்னதாக வெட்டிவிடுவார்கள். வெட்டிய மூலை வலப்பக்கம் மேலே வந்தால் படம் நேர். இடப்பக்கம் வந்தால் கவிழ்ந்திருக்கிறது.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்காணிப்பாளருக்கு அது தேவையில்லாத விவரம் என்று இரண்டு தரப்பும் நினைத்தது.

ஒரு பழைய தணிக்கைக் குறிப்பு

இங்கே எண்பதுகளுக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும்.

அப்போது நான் மதுரையில் தலைமை அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். புவியியல் துறையின் இருப்புப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. தணிக்கைக்கு வந்தவர் சுவர் வரைபடங்களை எண்ணினார். சரியாக இருந்தன. பிறகு ஒரு வரைபடத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மூலை கிழிந்திருந்தது.

"சேதமுற்ற பொருள் இருப்பில் வைக்கப்பட்டுள்ளது ஏன்?" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வரிக்கு மூன்று வருடம் பதில் எழுதினேன். எலி என்று எழுதினேன். எலி எனில் எலிப்பொறி வைக்கப்பட்டதா என்று கேட்டார்கள். வைக்கப்பட்டது என்றேன். எனில் எலி எப்படி வந்தது என்றார்கள். கடைசியில் எலியை விட்டுவிட்டுக் காற்று என்று எழுதினேன். காற்றுக்குப் பொறி கிடையாது என்பதால் ஏற்றுக்கொண்டார்கள்.

அதிலிருந்து மூலை போன எந்தப் பொருளையும் நான் அப்படியே பதிவேட்டில் ஏற்றுவதில்லை.

பரீட்சை விடுமுறை

நவம்பரில் இருவருக்கும் பருவத் தேர்வு. இரண்டு வாரம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து பதினான்கு படங்கள் ஒரே கட்டாக வந்தன. வழக்கமாக ஒன்றிரண்டு வரும். அவற்றை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். இந்தக் கட்டை நான் பிரித்தேன்.

பதினான்கிலும் ஒரு மூலை இல்லை.

என் கண்ணுக்குத் தணிக்கைக்காரர் தெரிந்தார். மதுரையில் கவனமில்லாமல் எடுத்திருக்கிறார்கள், கொடுமை, பதினான்கும் சேதம் என்று நினைத்தேன். திருப்பி அனுப்பலாம் என்றால் பேராசிரியர் அவசரம் என்று குறித்திருந்தார். என் அறையில் கைப்பிடி வைத்த காகித வெட்டி ஒன்று இருந்தது. படங்களை அடுக்கி, மிச்சம் மூன்று மூலைகளையும் அதே அளவுக்கு வெட்டினேன். இப்போது அது சேதம் இல்லை, வடிவம். கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக இருந்தது. இருப்புப் பதிவேட்டில் "பதினான்கு, நல்ல நிலையில்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தேர்வு முடிந்து எஸ்தர் வந்தாள். கட்டைக் கையில் வாங்கியவள் மேலே இருந்த படத்தின் நான்கு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"மேடம், இந்தப் படமெல்லாம் இப்படியேதான் வந்துச்சா?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"ஆபீஸுக்கு வந்த பொருள் வந்தபடியேதான் இருக்கும்" என்றேன்.

"மதுரையில புது ஃபிலிம் மாத்திட்டாக போலருக்கு" என்றான் கருப்பசாமி. "இதுக்கு முன்னு பின்னு எல்லாம் கெடையாதோ என்னமோ. வெரசா வா எஸ்தரு, பேராசிரியரு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாக."

பாடவில்லை. கதவில் என் குறிப்பாணை இருந்ததே. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல ஒரே குரலில் வாசித்தாள். அவன் டைப் அடித்தான். ஒரு வாரத்தில் முடிந்தது.

பேராசிரியர் அவற்றை ஒட்டினார். சில இடம் ஒட்டவில்லை. வாசித்ததில் ஏதோ பிசகு என்று நினைத்து, அவரே தட்டிக்கொட்டிச் சரிசெய்து, மரபணு வரிசைகளைச் சேர்த்து வைக்கும் ஒரு வெளிநாட்டு நிலையத்துக்கு ஜனவரியில் அனுப்பிவிட்டார். உலகமே பார்க்கும் இடம் அது.

திருப்தியில்லை

மார்ச்சில் ஆய்வுக் குழு கூடியது. வந்திருந்த நிபுணர் ஒருவர் அந்த வரிசையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இதுல பாதி அர்த்தமே இல்லாம இருக்கே" என்றாராம்.

பேராசிரியர் கூசிப்போனார். வந்து என் அறையில் உட்கார்ந்து, நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன்.

"படத்துல தப்பு இல்ல. மெஷின்ல தப்பு இல்ல. அப்ப வாசிச்ச ஆள்தான" என்றார். கோபம்கூட இல்லை, வருத்தம்தான். அவர் கணக்கு சரிதான். ஒரு எண் மட்டும் அவருக்குத் தெரியாது. அது எனக்கும் அன்று தெரியாது.

எஸ்தரின் பணி மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பிற்பகலில் முடிவதாக ஆணை. பணி அனுபவச் சான்றில் "பணித்தரம்: திருப்தியில்லை. வாசிப்பில் கவனக்குறைவு." டைப் அடித்தது நான். ஓரம் விட்டு, வரி நேராக, ஓர் அடித்தல் இல்லாமல் அடித்தேன்.

பேராசிரியர் கையெழுத்திட்டுவிட்டு மூன்று மாத வெளிநாட்டுப் பயணம் கிளம்பிவிட்டார். ஊர் ஊராகப் போகிறார், நிலையான முகவரி இல்லை.

அந்தச் சான்றில் என்ன தொங்கியது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் முனைவர் பட்டத்துக்கு எஸ்தர் விண்ணப்பித்திருந்தாள். மே மாதம் நேர்முகம். அனுபவச் சான்று கட்டாயம். கிடைக்காவிட்டால் சபைப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை இடம் காலி. உபதேசியார் ஜூனுக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஏப்ரல் முதல் தேதி, முற்பகல்

மறுநாள் காலை கம்ப்யூட்டர் அறைச் சாவியை ஒப்படைக்க வந்தாள். பரளச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கசங்கல் சேலையில் இருந்தது. முகத்தில் இல்லை.

"மேடம், ஒரே ஒரு தடவ அந்தப் படங்களப் பாத்துட்டுப் போறேன். நான் எங்க தப்பு விட்டேன்னு தெரியணும். இல்லாட்டி அது உள்ளயே கெடந்து அரிக்கும்."

பணியில் இல்லாதவர் இருப்புப் பொருளைத் தொடக் கூடாது. யோசித்தேன். வருகையாளர் பதிவேட்டை எடுத்து முன்னால் வைத்தேன்.

"பேரு எழுது. வந்த நோக்கம்னு இருக்குல்ல, அதுல பார்வையிடல்னு போடு. படத்தக் கருப்பசாமி தொடுவான். நீ தொடக்கூடாது. பாக்கலாம்."

எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "பாடலாமா மேடம்?"

குறிப்பாணை உதவியாளர்களுக்கானது. வருகையாளர் பாடக் கூடாது என்று எங்கும் இல்லை.

"பாடு" என்றேன். நானும் கூடப் போனேன்.

எட்டாம் படத்தின் கடைசி முப்பது எழுத்தைப் பாடினாள். பிறகு ஒன்பதாம் படத்தின் முதல் முப்பது. எனக்கு இசை ஞானம் கிடையாது. ஆனால் எனக்கே என்னவோ போல இருந்தது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி பாடினாள்.

"ஏற வேண்டிய எடத்துல எறங்குது" என்றாள். "எறங்க வேண்டிய எடத்துல ஏறுது. ஒரு எடத்துல கூடத் தப்பாம அப்படியே தலகீழா வருது. கவனக்குறைவுன்னா அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுல்ல வரணும்? ஏலே கருப்பா, அந்தப் படத்தக் கவுத்துப் போடு."

"எதுக்கு?"

"போடுலே."

போட்டான். முதல் பத்தி கடைசிப் பத்தியானது. ஏ இருந்த இடத்தில் டி. சி இருந்த இடத்தில் ஜி. பாடினாள். எட்டாம் படத்தின் கடைசி எப்படி இருந்ததோ, ஒன்பதாம் படத்தின் தொடக்கம் அப்படியே வந்தது. கருப்பசாமி விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒட்டிருச்சு" என்றான் மெதுவாக.

பதினான்கையும் பார்த்தார்கள். ஐந்து படங்கள் கவிழ்ந்து கிடந்தன.

"மூலை இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் மேடம்" என்றாள் எஸ்தர் என்னைப் பார்த்து. "வலது மேல் மூலை ஒண்ணத்தான் வெட்டுவாக. அதான் அடையாளம். இதுல நாலும் வெட்டிக் கெடக்கு. மதுரையில யாரோ புத்தி இல்லாம..."

"மதுரையில இல்ல" என்றேன்.



"நான்தான் வெட்டினேன். சேதம்னு நினைச்சு. காகித வெட்டியில வச்சு, ஒரே அளவா."

கருப்பசாமி ஒரு படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "அளவெல்லாம் கச்சிதமாத்தான் மேடம் இருக்கு" என்றான். வேறு யாராவது சொல்லியிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

எஸ்தர் சத்தம் போடவில்லை. "நான் அன்னைக்கே கேட்டேனே மேடம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கேட்டாள்தான். நான் பதிலும் சொன்னேன். பாட்டையும் நான்தான் நிறுத்தினேன். ஏப்ரல் முதல் தேதிக்குப் பொருத்தமான ஆள் அந்த அறையில் யார் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கும் இல்லை.

விதி பொருந்தாத நேரம்

முறைப்படி என்ன செய்யலாம்? பதிவாளருக்கு எழுதலாம். அவர் பேராசிரியருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். பேராசிரியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று என்னிடமே கேட்டு எழுதுவார்கள். எலி வழக்கை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், பதில் வரும்போது எஸ்தருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கும்.

வெளிநாட்டு நிலையத்துக்கு நேரே எழுதினால்? அவர்களிடம் சரியான வரிசையைக் கொடுத்து, பேராசிரியரைத் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளச் சொன்னால்?

"அதுக்கு விதி இருக்கே மேடம்" என்றான் கருப்பசாமி. சேர்ந்த அன்றே இருவரிடமும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். "பதினேழு இ."

"யாருக்கு விதி?"

"பகுதிநேர மாணவ உதவியாளருக்கு."

"எஸ்தர் யாரு?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

"நேத்துப் பிற்பகலோட முடிஞ்சது. ஆணையில இருக்கு, நானே டைப் அடிச்சேன். இன்னைக்கு முற்பகல் அவ வெறும் இந்தியப் பிரஜை. ஒரு பிரஜை யாருக்கு வேணும்னாலும் கடிதம் எழுதலாம். எழுதும்மா."

அவளுக்கு அப்போதுதான் முகம் மாறியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று வந்து உடனே போய்விட்டது.

அன்றே கதவில் இருந்த குறிப்பாணையை எடுத்தேன். ஒட்டியதை ரத்து செய்யாமல் எடுக்க முடியாது என்பதால், ரத்து செய்து இன்னொரு குறிப்பாணை எழுதி, அதை ஒட்டி, பிறகு இரண்டையும் எடுத்தேன்.

அவர்கள் மூன்று நாள் உட்கார்ந்து ஐந்து படங்களையும் மறுபடி வாசித்தார்கள். எஸ்தர் வருகையாளராக வந்து பாடினாள். வணிகவியல் வகுப்புக்காரர்களும் ரசித்தார்கள். அவள் கடிதத்தோடு பின்னிணைப்பாக நான் ஒரு பக்கம் சேர்த்தேன். படங்களின் மற்ற மூன்று மூலைகளை வெட்டியது நான். உதவியாளர் கேட்டபோது தவறான தகவல் கொடுத்ததும் நான். வாசிப்பில் பிழை இல்லை. கையெழுத்து, பதவி முத்திரை.

படித்துப் பார்த்த எஸ்தர், "இதுனால உங்களுக்கு ஒண்ணும் வராதா மேடம்?" என்றாள்.

"வரும். விளக்கம் கேட்டு மெமோ வரும். இந்தத் தடவை காத்துன்னு எழுத மாட்டேன்."

நகலைப் பதிவாளருக்கும் அனுப்பினேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. அந்த மெமோவுக்காக ஓய்வுபெறும் நாள் வரை காத்திருந்தேன். இன்றுவரை வரவில்லை.

ஜூன்

மே மாத நேர்முகத்துக்கு, வெளிநாட்டுக் கடிதம் வராமலே எஸ்தர் போனாள். கையில் இருந்தது "திருப்தியில்லை" சான்றும், என் ஒப்புதல் கடிதத்தின் கார்பன் நகலும்.

திரும்பி வந்து சொன்னாள்: "அஞ்சு பேரு இருந்தாக மேடம். ஒருத்தரு உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சாக. பாடிக் காட்டுன்னாக. பாடுனேன். சிரிச்சாக. அப்புறம் சிரிக்கல."

"என்ன சொன்னாங்க?"

"இடம் இருக்குதாம். ஆனா அந்த வெளிநாட்டு நிலையமோ பேராசிரியரோ எழுதித் தரணுமாம். ஜூன் இருபத்தொண்ணு, திங்கக்கிழமை வரைக்கும் வச்சிருப்பாகளாம். அதுக்கப்புறம் அடுத்த ஆளாம்."

ஜூன் பிறந்தது. நான் அதுவரை தபால்காரருக்காக வாசலில் நின்றதில்லை. தபால் என் மேஜைக்கு வரும், அதுதான் முறை. அந்த மாதம் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து போனேன். வணிகவியல் தபால் பாடங்கள் வந்தன. சிமெண்ட் விலைப்பட்டியல் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து காகிதச் சிக்கனம் பற்றி மூன்று பிரதிகளில் ஒரு சுற்றறிக்கை வந்தது.

ஒருநாள் உபதேசியாரே வந்தார். வெள்ளை வேட்டி, பையில் வேதாகமம். உட்காரச் சொன்னேன். முழங்கையை மேஜையில் படாமல் வைத்து உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்துல கேட்டு விட்டிருக்காக அம்மா. உங்களுக்குப் பதில் வந்துட்டா நானும் ஒரு பதில் சொல்லிருவேன்."

"இன்னும் வரலங்க."

"எழுத்துல ஏத்தி எறக்கிப் பாடுறதுக்கு அங்க ஒரு படிப்பே இருக்காமே. நெசமா?"

"இருக்குங்க."

"நான்தான் கோயில்ல அவளுக்குச் சுரம் சொல்லிக் குடுத்தது" என்றார். பிறகு, "மூலைய வெட்டுனது யாருன்னு கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டார்.

எஸ்தர் வீட்டில் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கண்டுபிடிச்சாச்சுங்க" என்றேன். "நான்தான்."

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரிம்மா, திங்கக்கிழம வரைக்கும் பாப்போம்" என்று எழுந்தார். வாசல் வரை கூடப் போனேன்.

அந்த வாரம் செவ்வாய் போனது. புதன் போனது. வியாழன் மத்தியானம் காற்றடித்துக் கருவேலங்காய்கள் வாசலெல்லாம் கொட்டின. எஸ்தர் தினமும் வந்து வருகையாளர் பதிவேட்டில் எழுதினாள். வந்த நோக்கம் என்ற இடத்தில் வியாழக்கிழமை ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தாள்.

மறுநாள் சைக்கிள் மணி கேட்டபோது நான் எழவில்லை. எழுந்து எழுந்து அலுத்துப் போயிருந்தது. கருப்பசாமிதான் ஓடினான். திரும்பி வந்தவன் உறையை என் மேஜையில் வைத்தான். வெளிநாட்டுத் தபால்தலை. "செல்வி எஸ்தர், மேற்பார்வை: கண்காணிப்பாளர்." அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரிக்கக் கூடாது. பிரிக்கவில்லை. கடைசி அறைக்கு நானே கொண்டுபோனேன்.

எஸ்தர் பிரித்தாள். இரண்டு தாள். ஒன்றில் நிலையம் வரிசையைத் திருத்திவிட்டதாக எழுதியிருந்தது. மற்றது பேராசிரியர் எங்கிருந்தோ அவர்களுக்குக் கைப்பட எழுதிய கடிதத்தின் நகல். படங்களைக் கவிழ்த்து யோசித்தால் எல்லாம் ஒட்டுகிறது, வாசித்தவரைப் பற்றிய என் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன், திருத்தத்தில் அவர் பெயரைச் சேர்க்கவும் என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி: "மூலைகளைப் பற்றி ஊர் திரும்பியதும் கண்காணிப்பாளரிடம் பேசிக்கொள்கிறேன்."

"மாட்டுனீக மேடம்" என்றான் கருப்பசாமி.

எஸ்தர் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு பெங்களூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

தனிப்பட்ட கடிதத்தை அலுவலக வரவுப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. இருந்தும் ஏற்றினேன். ஒரு விதியையும் மீறியதில்லை என்று தொடக்கத்தில் எழுதினேன்; எனக்குத் தெரிந்து நான் விதி தவறி எழுதிய ஒரே பதிவு இது. அனுப்பியவர், பொருள் எல்லாம் எழுதி, கடைசிப் பத்தியில் நாளையும் எழுதினேன். ஜூன் பதினெட்டு, வெள்ளி, பிற்பகல்.